காபியை எந்தக் கூடையில போடுறது?

அதெப்படி வாத்தியாரய்யா சொல்லலாம்? காபி போய் போதையா? நாக்கு கூசல உங்களுக்கு? அதுவும் என் கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, என் காபியைக் கையில வச்சுக்கிட்டு!... இல்ல இல்ல, உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? மலை சரிஞ்சு ரோடு பூராவும் மண்ணு கிடக்கு. தெவாகான் டவுனுக்குப் போற வேன் இப்போதைக்கு எங்க கிளம்பப் போகுது? டிரைவரே காலை நீட்டிக்கிட்டு குறட்டை விடுறான், பாருங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்காதீங்க. நான் ஒண்ணும் கோபப்படல. நான் கோபப்பட்டா எப்படி இருப்பேன்னு இந்தச் சந்தையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஊருக்குப் புதுசா வந்திருக்கீங்க. சரி. பாடம் நடத்த வந்தீங்க. சரி. அதுக்காக போர்டுல என்னத்தை வேணா எழுதுறதா? காபி, சுருட்டு, கரும்புச் சாராயம், அப்புறம் நம்ம பிள்ளைங்க... எல்லாத்தையும் ஒரே கூடையில கொட்டி, 'மூளையைத் தொடுற பொருள்கள்'னு மேல தலைப்பு வேற! மிளகாய்க்காரி மக பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமா, "திபுர்சியா அத்தை, நீயும் அந்தப் பொருள்தான் விக்கிறியாம்"னு நடுத்தெருவுல கூவுறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? தேவாலயத்துக்கு எதிர்ல கடை போட்டிருக்கேன் ஐயா! பூசைக்கு முன்னாடி பாதிரியாரே இங்கதான் குடிக்கிறாரு!

ம்? போதைன்னு சொல்லலையா? 'மூளையைத் தொடுற'ன்னு மட்டும்தான் சொன்னீங்களா? ரெண்டும் ஒண்ணுதான், போங்க.

அப்புறம் இன்னொண்ணு. காளான், காளான்னு சொல்லாதீங்க. பிள்ளைங்கன்னு சொல்லுங்க. இந்த மலையில அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். மழைக்கு முளைச்சு வர்ற பிள்ளைங்க. மரியாதை இல்லாம பேசினா ராத்திரி அவங்களே வந்து கேப்பாங்க, நான் பொறுப்பில்ல.

காபி ஆறுது பாருங்க, குடிங்க. வெல்லம் பத்தலையா? பட்டை போட்டிருக்கேன். காசை மட்டும் மறக்காம வச்சிருங்க. உங்களுக்கு ஒரு கோப்பை சும்மா குடுக்க எனக்கு மனசில்லாம இல்ல. ஆனா இந்த நாலு நாளும் என் கையால யாருக்கும் எதையும் தானமா குடுக்கக் கூடாது. ராத்திரியில பிள்ளைங்களை உள்ள இறக்கிட்டு அவங்களோட உக்காந்து எந்திரிச்சவங்களுக்கு அது விதி. குடுத்தா, அவங்ககிட்ட வாங்கின பலமும் அதோட சேர்ந்து போயிரும். காலையில சோளரொட்டிக்காரி வந்து ஒரு கை உப்பு கேட்டா. "உப்பு அந்தச் சட்டியில இருக்கு, நான் திரும்பி நிக்கிறேன், நீயா எடுத்துக்கிட்டு ஓடிரு"ன்னேன். நான் குடுத்தாத்தானே குத்தம்? அவ எடுத்தா அது திருட்டு, அவ பாவம், அவ பாத்துக்கட்டும்.

ஆமா, உக்காந்தேன். இந்த வாரந்தான். ஏன்னா... ஸ்... மெதுவா பேசுவோம். எதிர் கடையைப் பாருங்க. அப்படிப் பட்டுன்னு திரும்பாதீங்க! சும்மா மழையைப் பாக்குற மாதிரி பாருங்க. நீல முக்காடு போட்டுக்கிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சௌசௌ காய் விக்கிறாளே, அவதான் யூஸ்தோலியா. என் பொண்ணு செனாய்தாவை ஞானஸ்நானத்துல கையில ஏந்தின ஞானத்தாய். ஊர்ல 'அறிஞ்சவ'ன்னு அவளைத்தான் சொல்லுவாங்க. யாருக்காவது தீராத நோவு வந்தா, கழுதை காணாமப் போனா, குடும்பத்துல மனசு ஒடிஞ்சா, இருட்டுல பிள்ளைங்களோட உக்காந்து பாடிக் கேட்டுச் சொல்லுறவ. எனக்கும் அவளுக்கும் பாவாடை கட்டின நாள்ல இருந்து சிநேகம். இப்ப ஒரு காரணமும் இல்லாம என்கூட பேசமாட்டேங்குறா. ஒரு காரணமும் இல்ல! அன்னைக்குச் சந்தையில நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை கல்யாணம் ஐயா! எங்க வழக்கத்துல ஞானத்தாய் வந்து பொண்ணுக்குத் தலை சீவி, பூப்போட்ட மேலங்கியை மாட்டிவிடணும். பெத்தவ கைகூட அன்னைக்குப் பொண்ணு தலையில படக்கூடாது. அதுக்குன்னே ஒரு புது மரச்சீப்பு வாங்கி பெட்டி மேல வச்சிருக்கேன். அவ வரமாட்டேன்னும் சொல்லல, வர்றேன்னும் சொல்லல. வாயையே திறக்கல. என் பொண்ணு சொல்லுது, "அம்மா, என் ஞானத்தாய் வந்து சீவாம நான் வாசப்படி தாண்டமாட்டேன். உன் வாயால வந்தது, நீயே போய் சரி பண்ணு"ன்னு. பெத்த பொண்ணு பேசுற பேச்சா இது? மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு வான்கோழி அடிக்கக் கட்டிப் போட்டிருக்காங்க, அது வேற நாள் பூரா கத்துது.

சரி, எங்க விட்டேன்? ஆங், கூடை! உங்க கூடை! கேளுங்க. சாராயத்தை அதுல போடுங்க, நான் வேணாங்கல. என் வீட்டுக்காரர் அபுந்தியோ இருக்காரே, ஒரு குவளை உள்ள போனா பாட்டு. இன்னொண்ணு போனா அழுகை. அதுக்கு மேல போனா வீட்டுக்கு வர்ற வழி மறந்து பன்றிக் கொட்டகையில படுத்திருப்பாரு. இத்தனை வருஷத்துல சாராயம் அந்த மனுஷனுக்கு ஏதாவது ஒண்ணு காட்டியிருக்கா? மறைச்சுதான் இருக்கு! செருப்பை மறைச்சது, தொப்பியை மறைச்சது, ஒருதரம் கோவேறு கழுதையையே மறைச்சது.

சுருட்டா? போடுங்க. நாங்க பச்சைப் புகையிலையைச் சுண்ணாம்போட அரைச்சு, கண்ணேறு அண்டாம கையில தேய்ப்போம். அதைக் கொஞ்சம் வாயில ஒதுக்கினா தலை கிர்ருங்கும். ஒத்துக்குறேன். ஆஸ்பத்திரியில தூக்கத்துக்குன்னு ஒரு வெள்ளை மாத்திரை குடுத்தாங்க, அதையும் போடுங்க. கட்டையா விழுந்தேன், கட்டையாவே எந்திரிச்சேன். கனவுன்னு ஒண்ணு எட்டிக்கூடப் பாக்கல.

ஆனா பிள்ளைங்களைப் போய் அதே கூடையில போடுவாங்களா? அவங்க வேற சாதி ஐயா! அவங்க அமுக்குறதும் இல்ல, முடுக்குறதும் இல்ல. அவங்க காட்டுவாங்க. கண்ணை மூடினா காட்டுவாங்க, திறந்தாலும் காட்டுவாங்க. சுவருக்குப் பேச்சு வரும், பாட்டுக்கு நிறம் வரும். போன மழைக்காலத்துல ஒரு வெளிநாட்டுப் பையன் வந்தான்... இல்ல, பையன் என்ன, தாடி வச்ச தடியன். யார்கிட்டயும் கேக்காம, பட்டப்பகல்ல, பாட ஆளில்லாம, வெறும் வேடிக்கைக்குத் தின்னுட்டு, பஞ்சாயத்து மண்டபத் தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு "அம்மா, அம்மா"ன்னு சாயங்காலம் வரைக்கும் அழுதான். கேள்வியே கேக்காம போனா பதில் எங்க இருந்து வரும்? நாங்க அப்படிப் போகமாட்டோம். துக்கம் இருந்தாத்தான் போவோம். பிள்ளைங்களை ஆணும் பொண்ணுமா ஜோடி ஜோடியா எண்ணி எடுத்து, சாம்பிராணி காட்டித் தின்னு, மெழுகுவத்தியை அணைச்சிட்டு, அறிஞ்சவ பாட நாம உக்காந்திருக்கணும்.

என்ன சொல்றீங்க? பெரிய கூடைக்குள்ள ஒரு சின்னக் கூடையா? மூளையைத் தொடுறது எல்லாம் பெரிய கூடை, அதுல கண்ணுக்கு இல்லாததைக் காட்டுறது மட்டும் சின்னக் கூடை... ஓஹோ. கோழியில சேவல் மாதிரிங்கிறீங்க. சேவலும் கோழி சாதிதான், ஆனா எல்லாக் கோழியும் கூவாது. ம்... அப்படிச் சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு. அதைப் போர்டுல வரைஞ்சீங்களா? பாவி, அதை அந்த மிளகாய்க்காரி மக சொல்லவே இல்லையே!

ஆனாலும் காபியை வெளிய எடுத்துருங்க. ரெண்டு கூடையும் வேணாம். காபி என்ன பண்ணுது? சொல்லுங்க பாப்போம். கறுப்புத் தண்ணி! எங்க வீட்டுப் பின்னாடி வாழை நிழல்ல நிக்கிற செடி. நானே பறிச்சு, நானே காயவச்சு, நானே வறுக்கிறேன். எனக்குத் தெரியாததா? இந்தா பாருங்க, இன்னொரு கோப்பை ஊத்திக்கிறேன். பாத்தீங்களா? பாட்டு பாடினேனா? அழுதேனா? தூணைக் கட்டிப்பிடிச்சேனா?

கையா? கை நடுங்குறது குளிருங்க. மழைக்காலம்ல.

உண்மையைச் சொல்லப்போனா, தூக்கம் இல்லாததால வர்ற நடுக்கம் அது. நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு நினைக்கிறீங்க! கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து இல்ல. செனாய்தாவோட மேலங்கிக்கு நானே பூ தைக்கணும்னு வைராக்கியம். பகல்ல கடை. ராத்திரிதான் ஊசி எடுக்க முடியும். கண்ணைச் சொக்கும், ஒரு கோப்பை போட்டுக்குவேன், தைப்பேன். மறுபடி சொக்கும், மறுபடி ஒண்ணு. அப்புறம் தையலை மூட்டை கட்டிட்டுப் படுத்தா... படுத்தா எங்க தூக்கம்? கூரையில எலி நடக்குறது கேக்குது. அபுந்தியோ மூச்சு விடுறது கேக்குது. நெஞ்சு கெட்டுப்போன தையல் மிஷின் மாதிரி தடதடங்குது. "ஏன் மூச்சு விடுறே?"ன்னு அந்த மனுஷன்கிட்ட சண்டை போட்டேன். அவரு போர்வையைத் தூக்கிக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிட்டாரு. போகட்டும். விடிஞ்சா தலை வலி, ஒரு கோப்பை குடிச்சாத்தான் நிக்கும்.

இது சாதாரணமா வர்றதில்ல, எவளோ வயிறெரிஞ்சிருக்கா, கண்ணு பட்டிருக்குன்னு முடிவு பண்ணினேன். நீங்களே சொல்லுங்க, வேற என்னவா இருக்கும்? நல்ல மாப்பிள்ளை, நல்ல கடை. பாக்குறவளுக்கு எரியாதா? யார் செஞ்சதுன்னு தெரியணும்ல. நேரா யூஸ்தோலியாகிட்ட போனேன்.

அவ நல்லாத்தான் வரவேற்றா. "வா, பிள்ளைங்ககிட்டயே கேட்டுருவோம்"னா. முன்னாடி நாலு நாள், பின்னாடி நாலு நாள் சுத்தபத்தமா இருக்கணும். சாராயம் கூடாது, புருஷன் பக்கத்துல போகக்கூடாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. எல்லாம் இருந்தேன். புருஷன்தான் தம்பி வீட்டுல இருக்காரே, அதுல என்ன கஷ்டம்? உக்காந்தோம். அவ பாடினா. முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் இருட்டு நெளிய ஆரம்பிச்சது. நான் தைச்ச பூவெல்லாம் துணியை விட்டு எந்திரிச்சு நடந்து வந்துச்சு. வந்து, விலகி வழி விட்டுச்சு. அதுக்குப் பின்னாடி என்ன வந்துச்சு தெரியுமா?

கோப்பை. இதே பச்சைக் கோப்பை! இந்தா, கையில வச்சிருக்கேனே, இதுதான். விளிம்புல பூச்சு உதிர்ந்தது வரைக்கும் அப்படியே. நிறைஞ்சு நிறைஞ்சு வழியுது. வீடு பூரா வழியுது. என் பாய் மிதக்குது, பெட்டி மிதக்குது, நான் கழுத்து வரைக்கும் நிக்கிறேன். அந்தப் பக்கம் என் தூக்கம் கரையில உக்காந்திருக்கு. ஆமாங்க, என் தூக்கம்தான், பூனைக்குட்டி மாதிரி, நனையாம. கூப்பிட்டா வரமாட்டேங்குது.

இப்ப கேளுங்க. இந்தக் கோப்பையை எனக்குக் குடுத்தது யாரு? செனாய்தா ஞானஸ்நானத்தன்னைக்கு யூஸ்தோலியாதான் குடுத்தா! ஒரு பொருளைக் காட்டினா, குடுத்தவளைக் காட்டுறாங்கன்னுதானே அர்த்தம்? எங்க ஊர்ல பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குடுத்த கை அந்தப் பொருளை விட்டுப் போகாது. அதனாலதான் நாங்க யாருகிட்ட எதை வாங்குறோம்னு பாத்து வாங்குவோம். விடிஞ்சதும் அவ "என்னடி பாத்தே?"ன்னு கேட்டா. "பாக்க வேண்டியதைப் பாத்துட்டேன்"னேன். அவ சிரிச்சா. "நானும்தான் பாத்தேன்"னா. செய்யுறதையும் செஞ்சுட்டு என்னா சிரிப்பு பாத்தீங்களா!

அதான் சந்தையில ஒரு வார்த்தை சொன்னேன்.

என்ன வார்த்தையா? "என் தூக்கத்தைத் திருடினவளே"ன்னேன். அவ்வளவுதான்... "சூனியக்காரி"ன்னும் சொன்னேன்னு நினைக்கிறேன். கொஞ்சம் சத்தமா. பாதிரியார் வெளிய வந்து பாக்குற அளவுக்கு. அப்புறம் கால் லேசா அவ கூடையில பட்டுச்சு... சரி, உதைச்சேன். சௌசௌ பூராவும் சரிவுல உருண்டு தேவாலயப் படி வரைக்கும் போச்சு. நாய்ங்க துரத்திக்கிட்டு ஓடுச்சு. அவ ஒரு சொல்லு திருப்பிச் சொல்லல ஐயா. குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கினா. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

என்ன? கோப்பைக்குள்ள என்ன இருந்துச்சா? எந்தக் கோப்பை... அங்க பாத்த கோப்பையிலயா? என்ன கேள்வி இது, வாத்தியார்னா இப்படித்தான் கேப்பீங்களா? காபிதான். வேற என்ன இருக்கும்?

யாரு ஊத்தினாங்களா?

... கை ஒண்ணு ஊத்துச்சு. பானையைச் சாய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கையில... இந்தா, போன வருஷம் வறுக்கும்போது சுட்டுக்கிட்டேனே, இந்தத் தழும்பு. இது இருந்துச்சு.

இருங்க. இருங்க, பேசாதீங்க.

விடியுறதுக்கு முன்னாடி ஒண்ணு குடிப்பேன். அடுப்பு மூட்டினதும் ஒண்ணு. கடை திறந்ததும் ருசி பாக்க ஒண்ணு. பாதிரியாரோட ஒண்ணு, அவரு தனியா குடிச்சா நல்லா இருக்காதேன்னு. மதியத்துக்குள்ள... மதியத்துக்குள்ள எத்தனைன்னு யாரு கண்டா? சாயங்காலம் மிச்சம் வீணாகுதேன்னு அடிப்பானையைக் கவுத்துக்குவேன். அப்புறம் ராத்திரி தையலுக்கு. ஐயோ மாதாவே!

முன்னாடியே எச்சரிக்கலையான்னா கேக்குறீங்க? யாரு, அவளா?... சொன்னா. சொல்லாம என்ன. "சாராயம் வேணாம், காபியும் வேணாம் திபுர்சியா, உன் மூஞ்சி வீங்கிக் கிடக்கு"ன்னா. காபி எல்லாம் ஒரு பொருளான்னு நான்தான் காதுல வாங்கல. பிள்ளைங்க முன்னாடி போய் உக்காரும்போதுகூட ஒரு சொம்பு குடிச்சிட்டுத்தான் போனேன், தூங்கிறக் கூடாதேன்னு! இப்பகூட, இந்த விரத நாள்லகூட, உங்க முன்னாடியே எத்தனை ஊத்தியாச்சு!

பிள்ளைங்க பொய் சொல்லல ஐயா. வெட்டவெளிச்சமா காட்டியிருக்காங்க. "இந்தாடி, இதுதான், இதைக் கீழ வை"ன்னு மூஞ்சிக்கு நேரா தூக்கிக் காட்டியிருக்காங்க. நான்தான் கோப்பையை விட்டுட்டு, குடுத்தவளைப் பிடிச்சிருக்கேன். அவளும் அதைப் பாத்துட்டுத்தான் சிரிச்சிருக்கா.

போடுங்க. காபியைப் பெரிய கூடையில போடுங்க. நல்லா அடியில போட்டு அமுக்குங்க. மூளையைத் தொடுதாம்ல! தொடுறதா? கழுத்தைப் பிடிச்சு உலுக்கியிருக்கு, நான் குளிருன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். எலிகூடயும் மூச்சுக்காத்துகூடயும் சண்டை போட வச்சிருக்கு. ஆனா சின்னக் கூடையில போட்டுறாதீங்க. அதுக்கு எதையும் காட்டத் தெரியாது.

இப்ப நான் என்ன செய்வேன்? நாளைக்கு மறுநாள் கல்யாணம். போய் கையைப் பிடிக்கவா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? இந்தக் கோப்பையைக் கொண்டுபோய் அவ காலடியில வச்சு, "எனக்கு இது வேணாம், நீ வேணும்டி"ன்னு சொல்லலாம்... ஐயோ, சொல்ல முடியாதே! குடுக்கக் கூடாதே! நாலாவது நாள் இன்னைக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கு. காபி விஷயத்துல மீறினது போதும், இதையும் மீறினா கல்யாணப் பொண்ணுக்கு ஆகுமா?

உப்பு... சோளரொட்டிக்காரி உப்பு!

ஏ யூஸ்தோலியா! அடியே யூஸ்தோலியா! முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தது போதும், நீ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்னு எனக்குத் தெரியும், உன் தோள் குலுங்குது! ஊரே கேக்கட்டும், சொல்றேன். நீ திருடல! நான்தான் முட்டாள்! உன்னைச் சூனியக்காரின்னு சொன்ன வாய் இந்த வாய்தான், வந்து ஒரு அறை விடு! இந்தா, நீ குடுத்த கோப்பை. இதை நான் குடுக்கக் கூடாது, நீ போட்ட விதிதான். அதனால நீயே வந்து பிடுங்கிக்கிட்டுப் போ!

வர்றாளா வாத்தியாரய்யா? எனக்குப் பாக்க பயமா இருக்கு. கண்ணை மூடிக்கிட்டேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. எந்திரிச்சிட்டாளா? முக்காட்டை உதறுறாளா? சேத்துல கால் வைக்கிற சத்தம் கேக்குதே... கூடையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறாளோ... வாத்தியாரய்யா?

ஆ! இழுடி, இழு! லேசா இழுத்தா குடுத்த மாதிரி ஆயிரும். நான் விடமாட்டேன், நீ பிடுங்கணும்! நல்லா பிடுங்கு! சின்ன வயசுலயே உனக்குக் கை பலம் அதிகந்தானே, மாதாவே, விரலே வந்துரும் போல... ஏய், அதைக் குடிக்காதடி! அது எச்சில்... ஒரே மடக்கா குடிச்சிட்டியா? சிரிக்காத. சிரிக்காதடி, எனக்கு அழுகை வருது.

எங்க இந்த மனுஷன்? இப்பத்தான் பெஞ்சுல இருந்தாரு. அட, ரோட்டுல மண்ணை அள்ளிட்டாங்க போல, வேனும் போயிருச்சு! காசை வச்சிட்டு, காபியை ஒரு வாய்கூடத் தொடாம போயிருக்காரு பாரேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

என்ன? என்னடி சொன்னே? மெதுவா சொல்லாத, மறுபடி சொல்லு.

சீப்பா?... வாங்கி வச்சிருக்கேன்டி. புதுசு. மரச்சீப்பு. பெட்டி மேலதான் இருக்கு. நீ வந்து எடு, என்னால எடுத்துக் குடுக்க முடியாது.